வருணனையும் உரையும்: விளையாட்டுரைப்போர் இருவகையார்

விளையாட்டு நிகழ்ச்சியை நடக்கும்போதே வானொலியில் எடுத்துரைப்பதனை நாம் 'நேர்முக வருணனை' என்கிறோம். ஆங்கிலத்தார் அதற்கு வழங்கும் சொல்லோ, பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் குறிக்க அவர்கள் வழங்கும் அதே சொல். அஃதாவது, அவர் வழக்கின்படி மைதானத்து மாடத்தில் அமர்ந்து பேசுவோர் உரையாசிரியர் ஆவர். இவ்விரு பெயர்களுள் எது பொருந்தும் என்னும் வினா சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. வருணனை, காணாதான் ஒருவனுக்குக் காட்சியைச் சொல்லால் ஆக்கித் தருவது. உரை, மூலத்தைத் தன் முன் வைத்திருப்பானுக்கு அதன் பொருளை விளக்குவது. தமிழில் விளையாட்டைப் பேசுவோர் இவ்விரு நெறியுள் ஒன்றைச் சார்ந்தே நிற்கின்றனர். அவர்தம் மொழிநடை வேறுபடுவதும் இதனாலேயே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வேறுபாடு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. கலிங்கத்துப்பரணியில் கலிங்கப் பேய் போர்ச் செய்தியைச் சொல்லக் காளி இருந்து கேட்கிறாள். பின்னர்க் களத்திற்கே சென்று, கிடப்பவற்றைப் பேய்களுக்குச் சுட்டிச் சுட்டிக் காட்டுகிறாள். முன்னதில் கேட்போள் காணவில்லை. பின்னதில் கேட்போர் கண்ணெதிரே களம் உள்ளது. ஆதலின் 'காண்மின்' என்னும் ஏவல் பின்னதற்கே உரியதாயிற்று. முல்லைக்கலியில் ஏறுதழுவலைத் தலைவிக்குக் காட்டும் தோழியும் இப்பின்வகையினளே. சயங்கொண்டார் இவ்விரண்டனையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்தமையால், நம் ஆய்வுக்கு வேறு அளவுகோல் தேடவேண்டுவதில்லை.

சென்னை வானொலி நிலையம் 1938 சூன் 16ஆம் நாள் தொடங்கியது. ஆயினும் நெடுங்காலம் மட்டைப்பந்து வருணனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் பேசியோருள் பாலு அளகணன் முன்னாள் ஆட்டக்காரர். 1954-55இல் ரஞ்சிக் கோப்பையை முதன்முறை வென்ற சென்னை அணிக்குத் தலைமை தாங்கியவர். தமிழில் பேச வந்தோர் இவ்வகையினர் அல்லர் என்பது கருதத்தக்கது. 1980இல் ரஞ்சிப் போட்டியின் வாயிலாகத் தமிழ் வருணனைக்கு வந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், இலங்கை வானொலியின் நாடகங்களில் நடித்துக் குரல் பழகியவர், 2020இல் மறைந்தார். அவரோடு ஒருங்கு எண்ணப்படும் கூத்தபிரான், சிறுவர் நிகழ்ச்சிகளால் 'வானொலி அண்ணா' எனப் பெயர் பெற்றவர். ஒருவர் நாடகத்திலிருந்தும் மற்றவர் குழந்தைகளுக்குக் கதை சொல்வதிலிருந்தும் வந்தனர். இரண்டுமே காணாதானுக்குக் காட்டும் கலைகள். ஆட்ட நுட்பத்தில் அளகணனுக்கு இருந்த பட்டறிவு இவர்களிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆனால் இவர்கள் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல் அளகணனுக்கு இருந்ததில்லை.

அச்சிக்கல் தமிழ்த் தொடரமைப்பைப் பற்றியது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். தமிழில் வினை ஈற்றில் நிற்கும். 'வீச்சாளர் சற்றே அளவு குறைத்து வெளிப்புறமாக வீசிய பந்தை மட்டையாளர் பின்னங்காலில் நின்று எல்லைக்கோட்டிற்கு அடித்தார்' என்று ஒரு தொடரை நாமே அமைத்துப் பார்ப்போம். இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆனால் 'அடித்தார்' என்னும் சொல் பிறக்குமுன் பந்து எல்லையைக் கடந்து, காவலன் அதனைத் திருப்பி எறிந்துமிருப்பான். வானொலிக்கு ஏற்ற தொடர் வேறு: 'வீசுகிறார், அடித்தார், ஓடுகிறது பந்து, கவர் திசையில், துரத்துகிறார் ஒருவர், எட்டவில்லை, நான்கு.' இங்கே எச்சங்கள் உதிர்ந்து, சிறு சிறு முற்றுவினைகள் நிரல்பட நிற்கின்றன. இடம் குறிக்கும் சொற்கள் வினைக்குப் பின் சென்றன. இதனைப் பேச்சுவழக்கின் சிதைவு என்று தள்ளுவோர் உளர். செய்யுளில் சொற்கள் நிலைமாறி நிற்பதைப் பொருள்கோள் எனப் போற்றுகின்ற நாம், விரைவு பற்றி உரைநடையில் அது நிகழுங்கால் குறையெனல் எவ்வாறு பொருந்தும்?

காலங்காட்டும் சொற்களிலும் இதுவே நிலை. விரைவுப் பொருளில் எதிர்வும் நிகழ்வும் இறந்தகாலச் சொல்லால் சொல்லப்படும் என்பது தொல்காப்பியர் வினையியலில் கூறியது. உண்டு முடியாதவன் 'உண்டேன், வந்தேன்' என்று விடை கூறுவதை உரையாசிரியர்கள் காட்டாகத் தருவர். பந்து காற்றில் நிற்கும்போதே 'பிடித்தார்' என்னும் உரைஞனுக்கு இவ்விதி துணையாகும் என எண்ணத் தோன்றும். ஆகாது. உண்பவன் வருவது உறுதி. பந்து கைப்படுவது உறுதியன்று. கை நழுவினால் கேட்போன் ஏமாறுவான், அடுத்த பந்திலிருந்து நம்பவும் மாட்டான். நல்ல வருணனையாளன் இவ்விடத்தில் தமிழ் வினையின் ஈற்றுநிலையையே தனக்கு வலிமையாக்கிக்கொள்வான்: 'பந்து மேலே, மிக மேலே, அதன் கீழே ஒருவர்' என்று வினையின்றியே நிறுத்தி, கைப்பட்ட பின்னரே முற்றினைச் சொல்வான். எங்கே வினையை முந்தச் சொல்வது, எங்கே அதனைத் தாங்கி நிறுத்துவது என்று அறிதலே இக்கலையின் உயிர்.

1986 செப்டம்பர் 22ஆம் நாள் சேப்பாக்கத்தில் நிகழ்ந்ததை எண்ணுக. ஆத்திரேலியாவை வெல்ல இந்தியாவுக்கு வேண்டிய ஓட்டம் 348, எடுத்தது 347. இறுதி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங்கின் காலுறையில் பந்து பட்டது, நடுவரின் விரல் உயர்ந்தது, ஆட்டம் முடிந்தது. இம்முடிவுக்கு ஆங்கிலத்தில் 'டை' என்று தனிச்சொல் உண்டு. நேரமின்மையால் முடிவுறாது நிற்பது 'டிரா'. தமிழில் இரண்டற்கும் 'சமநிலை' என்றே எழுதுகின்றனர். செய்தித்தாளில் ஓட்டக் கணக்கு அருகே இருப்பதால் ஐயம் தீரும்; வானொலியில் அத்துணை இல்லை. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பந்துக்கும் மட்டைக்கும் பெயர் தேடுவதினும் இத்தகைய இடங்களை நாடியிருக்கலாம். ஈழத்தமிழர் வழக்கில் 'துடுப்பாட்டம்', 'களத்தடுப்பு' என்பன இயல்பாக ஊன்றிவிட்டன. தமிழ்நாட்டில் 'விக்கெட்' மாறவேயில்லை. மாறாமையால் பெரிதாய் எதுவும் கெடவில்லை என்பது எம் கருத்து.

இனி உரைநெறியாரைக் காண்போம். 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை தோன்றியபின், ஐ.பி.எல். ஆட்டங்களைத் தமிழில் கேட்போர் தொகை பெருகியது. அவ்வவையில் முன்னாள் ஆட்டக்காரரான சுப்பிரமணியம் பத்ரிநாத் போன்றோரும், பிக் எஃப்.எம். வானொலியில் உரையாடி வளர்ந்த ஆர்.ஜே. பாலாஜியும் அமர்ந்தனர். வானொலியிலிருந்தே வந்தவராயினும் பாலாஜியின் நெறி ஜப்பாரின் நெறியன்று. மூலமாகிய ஆட்டம் காண்போன் கண்முன் உள்ளது. அதனைச் சொல்லுதல் கூறியது கூறலாகிவிடும். ஆகவே நகை, உவமை, திரைப்படக் குறிப்பு, சென்னைப் பேச்சுவழக்கு ஆகியவற்றால் அவர் உரை வகுக்கிறார். பத்ரிநாத் பொழிப்புரையினும் நுணுக்கவுரையை நாடுவார். கால் எங்கே சென்றது, மணிக்கட்டு எவ்வாறு திரும்பியது என்பன அவர் பொருள். இவ்விருவரையும் ஜப்பாரோடு ஒரே தட்டில் வைத்து, 'தமிழ் கெட்டது' என்போர் ஒப்புமைக்குரியன அல்லாதவற்றை ஒப்பிடுகின்றனர். சுட்டு உரையாசிரியனுக்கு உரியது. 'இதோ பாருங்கள்' என்பது தொலைக்காட்சியில் குற்றமன்று. வானொலியில் அது ஓர் ஓட்டை.

எனினும் ஒன்று சொல்லவேண்டும். உரை பெருகிய காலத்தில் வருணனை தேய்ந்தது. அத்தேய்வு எல்லாரையும் ஒருபடித்தாய்த் தொடவில்லை. சென்னையின் மேற்குப் புறநகரை எடுத்துக்கொள்க. சென்னை வானொலியின் ஒலி நெடுங்காலம் ஆவடியில் நிறுவிய ஒலிபரப்பிகளின் வழியே நாடெங்கும் பரவியது; சேப்பாக்கத்துச் சொல், ஆவடிக்குப் போய்த்தான் சேப்பாக்கத்திற்கே திரும்பி வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எந்திரத்தின்முன் நிற்போனுக்குக் கண்ணுக்கு ஓய்வில்லை. செவி ஒன்றே அவனுக்கு எஞ்சியது. பூந்தமல்லியிலோ பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி உள்ளது. அங்குள்ள மாணவனுக்கு 'காண்மின்' என்னும் ஏவலால் ஆவதொன்றுமில்லை.

பார்வையற்றோர் மட்டைப்பந்தும் உலக அளவில் ஆடப்படுவதே. அதன் முதல் உலகக் கோப்பை 1998இல் புதுதில்லியில் நடந்தது. 2012இல் பெங்களூரில் இருபது ஓவர்க் கோப்பையை இந்தியா வென்றது. அவ்வாட்டத்தில் பந்தினுள் இரும்புக் குண்டுகள் குலுங்கும். வீசுவோன் குரல் கொடுத்த பின்னரே வீசவேண்டும். செவியாலேயே ஆடப்படும் ஓர் ஆட்டம் அது.

2011இல் வகுத்த மூன்றாங்கட்டப் பண்பலைக் கொள்கை, தனியார் வானொலிகளுக்குப் பெரும் போட்டிகளின் நேரடி ஒலிபரப்பை மறுத்தது. உள்ளூர்ப் போட்டிகளின் வருணனைக்கு இடமளித்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தமையும், ஒரு மட்டைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு பற்றி எழுந்த வழக்கிலேதான். ஆகவே ஆவடி, அம்பத்தூர்த் திடல்களில் ஞாயிறுதோறும் ஆடப்படும் ஆட்டங்களைச் சொல்லச் சட்டம் தடையன்று. அவற்றைச் சொல்ல வருவோன் பூந்தமல்லி மாணவனைத் தன் முதற் கேட்போனாகக் கொள்வானாயின், பந்து எங்கே செல்கிறது, யார் துரத்துகிறார், எவ்வளவு தொலைவு என்னும் மூன்றையும் ஒவ்வொரு பந்திற்கும் அவன் சொல்லியே தீரவேண்டும்.