நேசமணியும் லாசர் எளயப்பனும்: ஒரு நடுவர் தீர்ப்புக்குத் திருத்தம்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு வழக்காடு மன்றம் வைத்தார்கள். சுத்தியல் தலையில் விழும்போது அதிகம் சிரிக்க வைப்பவர் நேசமணியா, லாசரா என்பது தலைப்பு. மட்டாஞ்சேரியில் நாற்பது வருஷமாக இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன், ஆணியும் சுத்தியலும் விற்கிறவன், அத்தோடு தொல்காப்பியமும் புரட்டுகிறவன் என்று என்னைப் பிடித்து நடுவர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நானும் "நேசமணியே" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினேன். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. மீதியை இந்த மலரில் எழுதித் திருத்திவிடுகிறேன்.

கதை தெரியாத அன்பர்களுக்காகச் சுருக்கமாக: 'ப்ரண்ட்ஸ்' முதலில் 1999-இல் வந்த மலையாளப் படம். ஜெயராம், முகேஷ், ஸ்ரீனிவாசன் நடித்தது. இயக்கிய சித்திக் நம் கொச்சிக்காரர். கலாபவன் மிமிக்ரி மேடையில் வளர்ந்து, லாலோடு சேர்ந்து 1989-இல் 'ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்' எடுத்தவர். (அதுதான் அடுத்த வருஷம் தமிழில் 'அரங்கேற்ற வேளை' ஆனது.) 2001-இல் 'ப்ரண்ட்ஸ்' படத்தை அவரே தமிழில் விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணாவை வைத்து எடுத்தார். பெயிண்டிங் காண்ட்ராக்டராக அங்கே ஜெகதி ஸ்ரீகுமார், இங்கே வடிவேலு. சித்திக் 2023 ஆகஸ்டில் காலமானார்.

டிவியில் காமெடி சேனல்கள் வந்தபிறகு படத்தின் கதை ஜனங்களுக்கு மறந்துபோய்விட்டது. துணுக்கு மட்டும் மனப்பாடம். வழக்காடு மன்றத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளைக் கேட்டு நான் அசந்துபோனேன். நேசமணி என்பது கன்யாகுமரிப் பக்கத்துப் பெயராச்சே, ஆள் ஏன் மதுரைத் தமிழ் பேசுறார்? மாமன் நேசமணி என்றால் உறவுக்காரப் பையன் கிருஷ்ணமூர்த்தி ஆனது எப்படி? மலையாளத்தில் லாசரும் ஜோயும் ஒரே வீட்டுப் பெயர்களாக இருக்கே! இதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒன்று சொல்ல, பேராசிரியர் அதை மறுத்து வேறொன்று சொல்வாரே, அதுவும் இந்த ஜாதிதான். பாத்திரத்தின் பெயரைக்கூட விடாமல் கேட்கிறவன்தான் ரசிகன்.

பெயர்க் கேள்விக்கு என் பதில் இது. நேசமணி என்றால் நம் தலைமுறைக்கு மார்ஷல் நேசமணி ஞாபகம் வரும். 1956-இல் கன்யாகுமரி தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர். லாசர் என்ற பெயருக்குப் பதிலாக எல்லையோர மணமுள்ள ஒரு பெயரை எவரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குள் மதுரைக்காரரான வடிவேலு தன் பேச்சோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பிசகுதான். ஆனால் சிரிக்கிறவன் வாயில் அது தட்டுப்படவில்லை.

சரி, சிரிப்புக்கு வருவோம். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் நிற்பது நகை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அதற்கு நான்கு நிலைக்களன். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. சுத்தியலைக் கைநழுவ விட்ட கிருஷ்ணமூர்த்தி பேதைமை. சுவரில் ஆணி பிடுங்கச் சொன்னால் எல்லா ஆணியையும் பிடுங்குகிறவர்கள் மடன். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், அந்த ஆணித் தகராறு நிஜம். வெள்ளையடிக்கும் முன் எந்த ஆணி வேண்டும், எது வேண்டாம் என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் கைவைத்தால் சண்டைதான். இன்றைக்கும் தமிழ்ப் பையன்கள் கடைக்கு வந்தால் "தேவையில்லாத ஆணி ஒரு கிலோ குடுங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். நானும் அரை அங்குல ஆணியை நிறுத்துப் போடுவேன்.

எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பிரிப்பார்: நாம் பிறரை எள்ளுவது, பிறர் நம்மை எள்ளுவது. நேசமணி முழுக்க இதில்தான் நிற்கிறார். தெரு மேஸ்திரிக்கு 'காண்ட்ராக்டர்' என்ற பட்டம். வேலையாட்களை எள்ளிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அவர் விஷயமே எள்ளலாகிறது. அடி விழுவது மண்டையில் அல்ல, அந்தப் பட்டத்தின் மேல். அதனால் வலி நமக்குத் தெரிவதில்லை. மலையாளத்தில் அவர் பெயரே 'லாசர் எளயப்பன்', அதாவது லாசர் சித்தப்பா. வீட்டு உறவுமுறை பெயரோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா தலையில் சுத்தியல் விழுந்தால் சிரிப்போம், ஆனால் கூடவே கை பதறிப் போய்த் தாங்கும். தீர்ப்புச் சொன்ன அன்று இந்த வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை. எது அதிகம் சிரிப்பு என்றே அளந்துகொண்டிருந்தேன்.

மேடையிலிருந்து இறங்கியதும், விருந்தினராக வந்திருந்த என் கடை வாடிக்கைக்கார ஆசாரி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 2019 மே மாதம் 'நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்று கைபேசியில் ஊரே அமளிப்பட்டதே, அந்தப் பேச்சை எடுத்தார். சுத்தியல் படத்தைப் போட்டு "உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன" என்று யாரோ கேட்க, ஒரு தமிழ்ப் பிள்ளை நேசமணி மண்டை உடைந்த கதையைச் சொல்லப்போய்த் தொடங்கிய வேடிக்கை அது. "நயினாரே, நீங்க எல்லாம் சிரிச்சீங்க. எங்க லாசருக்கு நெஜமாவே அடி பட்டுதல்லோ" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 2012 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் நடந்த கார் விபத்தில் ஜெகதி பலத்த காயம்பட்டார். அவ்வளவு பேசிய மனிதருக்குப் பேச்சு போனது, சக்கர நாற்காலிதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட படம் நடித்தவர் என்பார்கள். அவருக்காகக் கேரளத்தில் எத்தனை வீடுகளில் உண்மையாகவே பிரார்த்தனை நடந்தது என்பது இங்கே வாழும் நமக்குத் தெரியாததல்ல. ஏழு வருஷம் கழித்து அதே பாத்திரத்துக்கு விளையாட்டாக ஒரு பிரார்த்தனை! நேசமணிக்காகத் தகவல் அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் பேரனும் அனுப்பினான். ஆனால் ஒரே சுத்தியல் எங்கள் தெருவில் இரண்டு விதமாக விழுந்திருக்கிறது.

எங்கள் சமண நூல்களில் ஹாஸ்யம், அதாவது சிரிப்பு, உயிரைப் பிணிக்கும் நோகஷாயங்களில் ஒன்றாக எண்ணப்படும். சின்ன வயதில் இது என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். ஆசாரி பேசிய ராத்திரி அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தொல்காப்பியத்தையும்தான். நகைக்கு அடுத்து வருவது அழுகை. அதன் நான்கு களன்களில் ஒன்று 'அசைவு'. பழைய நிலை கெட்டு வருந்துவது என்று உரை சொல்கிறது.

ஆகவே தீர்ப்பை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: நகைக்கு நேசமணி, அதில் சந்தேகமில்லை. லாசர் வழக்கை நகையின் கீழ் மட்டும் வைத்து விசாரித்தது நடுவரின் பிழை.

2022-இல் 'சிபிஐ 5' வந்தபோது அந்த ஆசாரியும் நானும் சேர்ந்துதான் பார்க்கப் போனோம். ஜெகதி கொஞ்ச நேரம்தான் வந்தார். வசனம் இல்லை, முகமும் கையும்தான். தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. பக்கத்தில் ஆசாரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.