ஆடும் அப்பா, பார்க்கும் பாப்பா

ராமின் ‘பேரன்பு’ 2019இல் திரையரங்குகளுக்கு வந்தபோது, மூளை முடக்குவாதம் கொண்ட ஒரு சிறுமிக்கும் உடலின் வேட்கை உண்டு என்று தமிழில் சொல்லத் துணிந்த படம் என்று கொண்டாடினோம். அந்தப் பாராட்டில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. ஆனால் மாணவிகளோடு அந்தப் படத்தைப் பேசும்போதெல்லாம் வேறொரு கேள்வி முந்திக்கொண்டு வருகிறது. பாப்பா எப்போது விளையாடுகிறாள்?

மகளின் மனத்தைத் தொடுவதற்காக அப்பா ஆடிப் பாடிக் காட்டும் நீண்ட காட்சி பலருக்கும் நினைவிருக்கும். கூச்சத்தை உதறி, உடம்பு முழுவதையும் இறக்கி ஆடுகிறவர் மம்மூட்டி. பாப்பா பார்வையாளர். சாதனாவின் விரல்களும் கழுத்தும் வாயும் படம் நெடுக அபாரமாக உழைக்கின்றன, ஆனால் கதைக்கு அந்த உடம்பு துணி மாற்றப்பட வேண்டிய உடம்பு, அக்கம்பக்கத்தார் கண்ணிலிருந்து விலக்க வேண்டிய உடம்பு, பிறகு ஏங்கும் உடம்பு. அசைவதன் சுகத்துக்காக அசையும் உடம்பாக அது அரிதாகவே தென்படுகிறது.

அப்பா வருவதற்கு முன் பல ஆண்டுகள் அந்தப் பிள்ளையைத் தூக்கி இறக்கியவள் அம்மா. படம் தொடங்கும்போதே அவள் போய்விடுகிறாள். அவளுடைய முதுகுவலி நமக்குக் காட்டப்படுவதில்லை. அப்பா அதே வேலையை எடுத்துக்கொண்டதும் அது பேரன்பு ஆகிவிடுகிறது! இதை மாணவிகள்தாம் முதலில் சொன்னார்கள்.

படம் பூப்பைப் பெரிய திருப்பமாக வைத்தது சரியான தேர்வு. பிறப்பை ஒட்டி மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு வயதோடு கூடுவதில்லை, உடம்புதான் மாறுகிறது. வளரிளம்பருவத்தில் எலும்பு விறுவிறுவென்று நீள, இறுகிய தசையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. முட்டி மடங்கிப்போகிறது, எடை கூடுகிறது, வலி வருகிறது. நம்மைவிட இரண்டு மூன்று மடங்கு ஆற்றலைச் செலவழித்து நடந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் இந்த வயதில் நடையையே விட்டுவிடுகிறார்கள். உடம்புக்கு அசைவு மிக அதிகம் தேவைப்படும் அதே வருடத்தில்தான் நம் வீடுகள் பெண்பிள்ளையை உள்ளே உட்காரவைக்கின்றன. பையனாக இருந்தால் தெருப் பிள்ளைகள் வண்டியோடு தள்ளிக்கொண்டு போய்க் கிரிக்கெட்டில் அம்பயராகவாவது நிறுத்துவார்கள். பெண்ணுக்குத் துப்பட்டா சரிகிறதா என்று பார்க்க ஒரு ஆள் நியமிக்கப்படும்.

சொல்லிலும் இந்தக் கோணல் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் ‘விளையாடப் போயிருக்கு’. இந்தப் பிள்ளைக்கு மட்டும் ‘பயிற்சி குடுத்தாச்சா?’ கையும் காலும் யாரோ இழுத்து நீட்டிவிடுவதற்கென்றே இருப்பவை. பிஸியோதெரபியை நான் குறைசொல்லவில்லை, அது வேண்டும். ஆனால் பத்து வருடம் வீட்டுப்பாடம்போல அதையே செய்த ஒரு பெண் பதினைந்து வயதில் ‘வேண்டாம்’ என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதி முடிக்கிறோம். நான் பாடம் எடுத்த ஒரு மாணவி காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்கமாட்டாள். அவள் வாக்கரோடு நுழையக்கூடிய கழிப்பறை அந்தக் கட்டடத்தில் இல்லை. விளையாட்டு நேரத்தில் எல்லோருடைய பைகளுக்கும் அவள் காவல். சோர்வு அவள் தசையில் மட்டுமா இருந்தது?

ஊனமுற்ற சிறார்க்கும் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, விளையாட்டில் பங்கேற்பை அரசின் கடமையாக்கியிருக்கிறது. தாழ்தளப் பேருந்து வராத நிறுத்தத்தில் நின்றுகொண்டு இவற்றைப் படிக்கலாம்.

நம் படங்களில் ஒருமுறையாவது போச்சியாவைக் காட்டியிருக்கலாம் என்று நினைக்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காகவே உருவான பந்து விளையாட்டு அது. 1984முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்துக்கு அருகில் தன் நிறப் பந்துகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கையால் எறிய முடியாதவர்கள் சாய்தளம் ஒன்றில் பந்தை உருட்டிவிடுவார்கள். தலையில் கட்டிய கோலால் தள்ளினாலும் சரி. சாய்தளத்தைத் திருப்பிவைக்க ஓர் உதவியாளர் கூடவே இருப்பார். பல நேரங்களில் அது அம்மாவோ அப்பாவோதான். அவருக்கு ஒரு விதி உண்டு. ஆட்டம் நடக்கும்போது அவர் களத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று மகள் சொல்வாள், அவர் நகர்த்துவார். பந்து எங்கே போய் நின்றது என்பதை அவள்தான் பார்ப்பாள்.