கஜுப் பூவுக்கு வந்த விருந்தாளிகள்

இலங்கையில் பட்டாம்பூச்சியை வண்ணாத்திப்பூச்சி என்போம். வண்ணாத்திவில்லு என்ற ஊர்ப்பெயரைக் கேட்டாலே எனக்கு அந்தச் சிறகுதான் மனதில் அடிக்கும். ஆனால் அங்கே பூச்சி பார்க்கப் போனால் நான் முதலில் நிற்பது கஜு மரத்தடியில்.

செம்மண் காணிகளில் கிளை தாழ்த்தி நிற்கும் இந்த மரமுந்திரிகை பிரேசில்காரி. போர்த்துக்கேயரோடு கப்பலேறி வந்தாள். அவளுக்குப் பழக்கமான தேனீ கூட வரவில்லை. பிரேசிலில் இந்தப் பூவைத் தேடி வருவது சென்ட்ரிஸ் என்னும், பூக்களில் எண்ணெய் திரட்டும் தேனீ. இலங்கைக் காட்டில் அந்த இனமே கிடையாது.

பூங்கொத்தை முகத்தருகே இழுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பூ. ஐந்து ஒடுங்கிய இதழ்கள், வெளிறிய நிறத்தில் ரோஜாக் கோடுகளோடு பின்னால் சுருண்டிருக்கும். வயதேற ஏறச் சிவக்கும். அதனால் ஒரே கொத்தில் நேற்றும் இன்றும் இரண்டு நிறமாகத் தெரியும். பெரும்பாலானவை ஆண்பூக்கள். நடுநடுவே சில இருபாற்பூக்கள். மகரந்தத் தாள்களில் ஒன்று மட்டும் நெட்டையாக எழும்ப, மற்றவை அடியில் குட்டையாய் ஒடுங்கியிருக்கும். இருபாற்பூவில் சூல்தண்டு அந்த நெட்டையையும் தாண்டி நிற்கும். மகரந்தமோ பிசுபிசுப்பானது, காற்றுக்கு எளிதில் அசையாது. அந்த மயிரிழை உயரத்தைக் கடக்க ஓர் உடம்பு வேண்டும். என்ன நுட்பம்!

அந்த உடம்பை நம்மூர்த் தேனீ கொடுக்கிறது. கொம்பில் உள்ளங்கையளவு அடை கட்டும் சிறு தேனீ, வயிற்றில் மஞ்சள் பொடி ஒட்ட, ஆண்பூவில் மொய்த்த கையோடு இருபாற்பூவுக்குத் தாவுகிறது. எந்த ஊர் மரம் என்று அது கேட்பதில்லை.

கெடுக்கவும் நம்மூர்ப் பூச்சி உண்டு. தேயிலைக் கொசு என்று பெயர் பெற்ற சாறுறிஞ்சி குத்திய இடம் கறுக்கும். கொத்தே தீய்ந்ததுபோல் உலரும். அதற்கு எதிராக நிற்பது முசுறு. தன் புழு நூற்கும் பட்டிழையால் இலை தைத்துக் குடியிருக்கும் செவ்வெறும்பு. கஜுவின் இலையும் கொத்தும் சுரக்கும் இனிப்பைத் தேடி வந்து, அந்தச் சாறுறிஞ்சியை விரட்டுகிறது. முசுறு கடித்த கையை உதறியபடியே இதைச் சொல்கிறேன், நன்றியோடுதான்.

நூற்றுக்கணக்கான பூக்களில் ஒரு கொத்தில் தங்குவது விரல்விட்டு எண்ணக்கூடிய பிஞ்சுகள். கொட்டைதான் முதலில் வளரும், பச்சை அவரைவிதைபோல. அது முழு அளவு கண்டபிறகே காம்பு மெல்ல ஊதிப் பழமாகும்.