தேசிய கீதமும் உதடுகளை நோக்கும் கண்களும்

பன்னாட்டுக் கால்பந்துப் போட்டி தொடங்குமுன் இரு அணியினரும் வரிசையாக நிற்க, அவர்தம் நாடுகளின் தேசிய கீதங்கள் இசைக்கப்படுகின்றன. அப்போது தொலைக்காட்சிக் காமிரா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு முகமாக மெல்ல நகர்ந்து செல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கண்களை மூடி உரத்துப் பாடுவோர், முணுமுணுப்போர், வாய்மூடி நேராக நிற்போர் என மூவகையினரையும் அது காட்டுகிறது. மறுநாள் சில நாடுகளின் நாளேடுகளில் கோல் அடித்தவரைப் பற்றிய செய்திக்கு அருகிலேயே பாடாதிருந்தவரைப் பற்றிய செய்தியும் இடம்பெறுகிறது. பாடாதவர் முஸ்லிமாகவோ குடியேறியோர் வழிவந்தவராகவோ இருந்துவிட்டால் அச்செய்தி பல நாட்கள் நீள்கிறது.

தேசிய கீதங்களின் சொல்லையும் பொருளையும் ஆராய்ந்தோர் பலர். அவை பொது அரங்கில் எவ்வாறு பாடப்படுகின்றன என்பதைக் கருதியோர் சிலரே. ஒரு பாடலை எழுதியவர் ஒருவர், இசையமைத்தவர் ஒருவர், ஆனால் அதனைக் கீதமாக்குவது பாடும் மக்களே. ஆகவே அவர்களுடைய பாடுதலும் பாடாமையும் திறனாய்வுக்குரியவையே. எழுந்து நிற்கும்படி அரசு குடிமக்களைக் கேட்கலாம். பாடும்படி கட்டாயப்படுத்துமாயின் அக்கட்டாயம் குடிமகனை மட்டுமன்றிக் கீதத்தையும் கெடுத்துவிடுகிறது என்பதே நாம் இங்கு நிறுவ விழைவது.

விளையாட்டரங்கில் கீதம் பாடும் வழக்கத்தின் தொடக்கமாக ஒரு நிகழ்ச்சி பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1905 டிசம்பர் 16 அன்று வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியும் நியூசிலாந்து அணியும் ரக்பி ஆடின. நியூசிலாந்து வீரர்கள் தம் வழக்கப்படி மவோரி இனத்தாரின் ஹாக்கா நடனத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் வீரர்கள் தம் மொழிப் பாடலொன்றைப் பாடி அதற்கு மறுமொழி தந்தனர். அரங்கிலிருந்தோர் உடன்சேர்ந்து பாடினர். 1856 ஆம் ஆண்டில் பொன்டிப்ரித் என்னும் ஊரைச் சேர்ந்த தந்தையும் மகனுமாகிய இருவர் இயற்றிய பாடல் அது. அதனைப் பாட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பாடாதவரைக் கணக்கெடுக்க அதிகாரி எவரும் இல்லை. விருப்பத்தால் பாடப்பட்டதாலேயே அது வேல்ஸ் மக்களின் கீதமாயிற்று. இன்றும் அவ்வரங்குகளில் அப்பாடல் ஒலிக்கும் வலிமைக்கு இதுவே காரணம் என்று கருதுகிறோம்.

கீதங்கள் யாவும் மக்கள் தொண்டைக்கு ஏற்ப அமைந்தவை அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீதம் 1814 இல் எழுதப்பட்டு, ஆங்கிலேய மன்றமொன்றின் பழைய பாட்டின் மெட்டில் பாடப்பட்டு, 1931 இல் சட்டப்படி ஏற்கப்பட்டது. ஒன்றரை ஸ்தாயி அளவுக்கு ஏறி இறங்கும் அம்மெட்டு பயிற்சி பெற்ற குரலுக்கே வசப்படும். ஆதலால் அங்கு ஒரு பாடகர் பாட, பெருங்கூட்டம் நின்று கேட்பதே பெருவழக்காயிற்று. வாய்திறவாமல் நிற்கும் அந்த ஆயிரக்கணக்கானோரின் நாட்டுப்பற்றை எவரும் ஐயுறுவதில்லை.

துருக்கியின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. கவிஞர் மெஹ்மெத் ஆகிஃப் எர்சோய் இயற்றிய விடுதலைப் பாடலை அங்காராவில் கூடிய தேசியப் பேரவை 1921 மார்ச் 12 அன்று கீதமாக ஏற்றது. பரிசுத்தொகை அறிவிக்கப்பட்ட போட்டி என்பதால் முதலில் எழுத மறுத்தவர் ஆகிஃப். பின்னர் எழுதியும் பரிசாகிய 500 லிராவை அறச்செயலுக்கே வழங்கிவிட்டார். அது தம் உடைமையன்று, மக்களுடையது என்று கருதித் தம் கவிதைத் தொகுப்பாகிய ‘சஃபஹாத்’தில் அதனைச் சேர்க்கவும் இல்லை. இன்று பாடப்படும் இசை 1930 முதல் வழங்கிவரும் உஸ்மான் ஸெகி உன்கோரின் இசை. அதில் இசை நிற்கும் இடமும் சொல் முடியும் இடமும் பல அடிகளில் ஒத்துவருவதில்லை. ஒரே சொல் நடுவில் அறுந்து ஒலிக்கிறது என்னும் குறையைத் துருக்கியரே நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். ஆயினும் வாரந்தோறும் திங்கள் காலையிலும் வெள்ளி மாலையிலும் பள்ளிப் பிள்ளைகள் அதனைப் பாடுகின்றனர்.

பத்துப் பகுதிகள் கொண்ட அக்கவிதையில் முதல் இரண்டே பாடப்படுகின்றன. பாங்கோசை தம் நாட்டின்மீது என்றும் ஒலிக்க வேண்டும் என்று கவிஞர் வேண்டும் பகுதி பின்னால் வருவது, அது பாடப்படுவதில்லை. அக்கவிதை கீதமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1932 முதல், பாங்கைத் துருக்கி மொழியில் மட்டுமே சொல்லவைத்தது அரசு. அரபு மொழியிலான பாங்கு 1950 இல்தான் மீண்டது. ஒரு கையால் கீதத்தைக் கட்டாயமாக்கி, மறுகையால் கீதத்தின் உட்பொருளையே அடைத்துவிட்ட வேடிக்கை இது. பாடுவோரின் உதடுகள் அசைந்தன என்பதைக் கொண்டு கீதம் போற்றப்பட்டது என்று சொல்லிவிட முடியுமா?

சொற்களே இல்லாத கீதங்களும் உள்ளன. ஸ்பெயினின் கீதத்துக்கு அதிகாரபூர்வமான சொற்கள் இல்லை. 2008 இல் ஒலிம்பிக் குழுவின் முயற்சியால் எழுதப்பட்ட வரிகள் எதிர்ப்பின் காரணமாகச் சில நாட்களிலேயே கைவிடப்பட்டன. ஸ்பெயின் ரசிகர்கள் பொருளற்ற ஒலிகளால் மெட்டை இசைத்து மகிழ்கின்றனர். போர் முடிந்த பொஸ்னியாவில் நிலைமை வேறு. 1992 முதல் வழங்கிய கீதத்தைச் செர்பியரும் குரோஷியரும் தமதாக ஏற்கவில்லை. எனவே 1999 முதல் சொல்லற்ற இசையொன்று அங்கு கீதமாக இருந்துவருகிறது. 2009 இல் ஒரு குழு சொற்களைத் தேர்ந்தும் அவை நடைமுறைக்கு வரவில்லை. அங்கு மூன்று சமூகத்தாரும் வாய்மூடி நிற்பது அவமதிப்பு அன்று. சேர்ந்து நிற்க அவர்களுக்கு வாய்த்த ஒரே வழி.

தென்னாப்பிரிக்கா அதே இடரை வேறு வழியில் எதிர்கொண்டது. ஏனோக் சொன்டோங்கா என்னும் பள்ளியாசிரியர் 1897 இல் இயற்றிய வேண்டுதற்பாடல் கறுப்பின மக்களின் விடுதலைக் கீதமாக வளர்ந்தது. லாங்கன்ஹோவன் 1918 இல் எழுதிய ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பாடல் வெள்ளையர் அரசின் கீதமாயிற்று. 1997 இல் இவ்விரண்டின் பகுதிகளையும் இணைத்து, ஐந்து மொழிகளில் ஒரே கீதம் உருவாக்கப்பட்டது. இடையில் சுருதியே மாறிவிடுவதால் இசையறிஞர் அதில் குறை காணலாம். ஆனால் தன் மொழிப் பகுதியை மட்டும் பாடத் தெரிந்தவர் அடுத்தவர் மொழிப் பகுதி வரும்போது நின்று செவிமடுக்கவோ, மெல்லக் கற்றுக்கொள்ளவோ அதில் இடமுண்டு. பாடுவதும் கேட்பதும் கீதத்துக்குள்ளேயே பங்கிடப்பட்டிருக்கின்றன. இதனை அதன் சிறப்பாகவே நாம் மதிக்கிறோம்.

இனிக் கட்டாயத்தின் விளைவைக் காண்போம். ஜப்பான் 1999 இல் கொடி, கீதச் சட்டத்தை இயற்றியபோது, மக்கள் மீது அது திணிக்கப்படாது என்று ஆட்சியாளர் உறுதி கூறினர். 2003 அக்டோபரில் டோக்கியோ கல்வி வாரியம் பள்ளி விழாக்களில் ஆசிரியர்கள் கொடியை நோக்கி எழுந்து நின்று பாட வேண்டும் என்று ஆணையிட்டது. போர்க்கால நினைவுகளால் மறுத்த ஆசிரியர் நூற்றுக்கணக்கானோர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாயினர். 2012 இல் ஒஸாகா மாநிலப் பள்ளியொன்றின் விழாவில், ஆசிரியர்களின் உதடுகள் அசைகின்றனவா என்று பார்த்துவரப் பொறுப்பாளர்களே நியமிக்கப்பட்டனர். உதடு அசைவதற்கும் பாடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்தக் கண்காணிப்பாளர் அளக்க இயலும்?

பிரான்ஸின் பட்டறிவும் இதையே காட்டுகிறது. 2001 அக்டோபரில் பாரிஸ் புறநகர் அரங்கில் பிரான்ஸ், அல்ஜீரியா அணிகள் ஆடியபோது கீதத்துக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. 2003 இல் கீதத்தைப் பொதுவிடத்தில் அவமதிப்போருக்கு 7,500 யூரோ அபராதம் என்று சட்டம் வந்தது. 2008 இல் துனீசியாவுடன் ஆடியபோது அதே அரங்கில் அதே கூச்சல் மீண்டும் எழுந்தது. கூச்சலிட்ட இளைஞர்களின் செயலை நாம் போற்றவில்லை. பிறர் போற்றும் ஒன்றைக் கேலி செய்வது நம் பண்பாட்டுக்கு உகந்ததன்று. எனினும் புறநகர்க் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்டு வளர்ந்தோரின் மனக்குறையை அபராதத் தொகையால் தீர்க்க இயலாது என்பதை ஆட்சியாளர் உணர்ந்தாரில்லை.

கூச்சல் வேறு, அமைதி வேறு. கூச்சல் பாடுவோரின் உரிமையைக் கெடுக்கிறது. அமைதி எவருடைய உரிமையையும் கெடுப்பதில்லை. இவ்வேறுபாட்டை மறந்ததால் துன்புற்ற முஸ்லிம் விளையாட்டு வீரர் இருவரை இங்கு நினைவுகூர வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப், 1996 மார்ச் மாதத்தில், கீதத்தின்போது எழுந்து நிற்க மறுத்தமைக்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். ஓர் ஆட்டத்துக்குப் பின் இணக்கம் ஏற்பட்டது. அவர் எழுந்து நிற்பார். தலை தாழ்த்தித் துஆ செய்துகொள்வார். இந்த இணக்கமே நேரிய வழி என்பது நம் கருத்து. நிற்பது சூழ்ந்திருப்போருக்குத் தரும் மதிப்பு. நாவில் வருவது அவரவர் உள்ளத்தின் உரிமை.

ஜெர்மானிய வீரர் மெசூத் ஒசிலும் கீதத்தின்போது தாம் துஆ செய்வதாகவே சொன்னார். அவர் அமைதியாக எழுந்து நின்றவரே. 2014 இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவரே. ஆயினும் அவருடைய மூடிய உதடுகள் ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்பட்டன. துருக்கி அதிபருடன் எடுத்துக்கொண்ட படத்தால் எழுந்த சர்ச்சைக்கும் உலகக் கோப்பைத் தோல்விக்கும் பின், 2018 ஜூலையில், இனவெறுப்பைச் சுட்டிக்காட்டி அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். ஆனால் 1974 இல் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி அணியினருள் பெரும்பாலோரும் வாய்திறந்து பாடியவர் அல்லர். அன்று அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. ஆகவே அளவுகோல் கீதமன்று. பாடாதவரின் பெயரும் பிறப்புமே அளவுகோல் என்றாகிறது.

இக்குறையைப் பிறர்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் அமைதிகொள்ள இயலாது. 2022 நவம்பர் 21 அன்று கத்தாரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடவந்த ஈரான் வீரர்கள், தம் நாட்டில் மஹ்ஸா அமீனியின் இறப்பை அடுத்து எழுந்த கிளர்ச்சியின் நாட்களில், கீதத்தைப் பாடாமல் நின்றனர். நான்கு நாட்களுக்குப் பின் அவர்களுடைய உதடுகள் அசைந்தன. அன்று எதிரே நின்ற அணி, விருப்பத்தால் கீதம் பாடும் வழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகிய வேல்ஸ் அணி. இரு அணியினரும் அன்று பாடினர் என்றே பதிவேடு சொல்லும். அவ்விரு பாடுதலும் ஒன்றல்ல என்பதைக் கண்டோர் அறிவர். செயலின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது என்று பிள்ளைப் பருவத்திலேயே பயின்ற சமூகம், கட்டாயத்தால் அசைந்த உதடுகளைப் பற்றாகக் கணக்கிடலாமா?

நம் நாட்டில் இவ்வினா நீதிமன்றத்திலேயே தெளிவு பெற்றிருக்கிறது. கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்படும்போது மதிப்புடன் எழுந்து நின்று, தம் சமய நம்பிக்கையால் பாடாதிருந்தனர்; 1985 இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, பாடியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை என்றும், எழுந்து நிற்பதே உரிய மதிப்பு என்றும் தீர்ப்பளித்து அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்கச் செய்தது. அத்தீர்ப்பைப் பெற்றுத்தந்தோர் முஸ்லிம்கள் அல்லர். அதன் நிழலோ நம் பிள்ளைகள்மீதும் விழுகிறது. பாடுவதில் நம்மில் மிகப் பலருக்குத் தடை எதுவும் தோன்றியதில்லை. நாம் விரும்பியே பாடுகிறோம். விரும்பிப் பாடுவோர்க்கே பாடாதவரின் உரிமையைக் காக்கும் கடமை மிகுதி. அவ்வுரிமை இல்லாத இடத்தில் நாம் பாடுவதும் விருப்பத்தால் என்று எவரும் நம்பப் போவதில்லை.

அண்டையிலுள்ள இலங்கையில் இவ்வினா தலைகீழாக எழுந்தது. ஆனந்த சமரக்கோனின் சிங்களக் கீதத்துக்குத் தமிழ் வடிவம் நெடுங்காலமாக உண்டு. 2016 பிப்ரவரி 4 அன்று அரசின் சுதந்திர தின விழாவில் அது பாடப்பட்டது. 2020 விழாவில் அது இடம்பெறவில்லை. அங்குள்ள தமிழர்க்கும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களுக்கும், பாட மனமிருந்தும் தம் மொழியில் பாட இடமில்லாது போயிற்று. ஓரிடத்தில் மூடிய உதடுகளைத் திறக்க ஆணை. ஓரிடத்தில் திறக்க வந்த உதடுகளுக்குச் சொல் மறுப்பு. இரண்டிலும் குடிமகனின் குரலை அரசு தன் உடைமையாகக் கருதுகிறது.

கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்போம். பாட விரும்புவோர் சொற்களின் பொருளறிந்து நன்றாகப் பாடுவோம். பக்கத்தில் நிற்பவரின் உதடுகளை மட்டும் பாராதிருப்போம். அவரைப் பார்த்துக்கொண்டே பாடுபவர் கீதத்தில் மனம் வைத்தவர் அல்லர்.