பார்க்கும் கண் எவருடையது? – எண்ணிமப் பொதுவளம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பொதுவளம் என்னும் கருத்து நமது காலத்தில் புதிய பொருளுடன் மீண்டும் பேசப்படுகின்றது. ஒரு சமூகத்தார், எவரும் தனியுரிமை கொண்டாடாது, தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்குகளின்படி கூட்டாகப் பேணிக் கூட்டாகப் பயன்கொள்ளும் வளமே பொதுவளம் எனப்படும். மேய்ச்சல் நிலம், காடு, குளம், கரைவலைப்பாடு முதலியன அதன் பழைய வடிவங்கள். கட்டற்ற மென்பொருள், விக்கிப்பீடியா, எண்ணிம நூலகம் ஆகியன அதன் இன்றைய வடிவங்கள். இவை வளர்ந்த காலமே, மனிதர் எதனை வாசிக்கின்றனர், எவருடன் உரையாடுகின்றனர் என்பவற்றைத் திரள்திரளாகப் பதிவுசெய்யும் கண்காணிப்பும் வளர்ந்த காலமாகும். ஒரே கணினியும் ஒரே கம்பியும் இரண்டுக்கும் உதவுகின்றன. இந்நிலையில், அறிவைப் பொதுவாக்க முனைவோர் எதனைத் திறந்து வைக்கவேண்டும், எதனைத் திறவாது காக்கவேண்டும் என்னும் வினா போதிய தெளிவுடன் எழுப்பப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொதுவளத்தின் வரலாறு பெரும்பாலும் அது பறிக்கப்பட்ட வரலாறே. இங்கிலாந்தில் 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அடைபட்டது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில் காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியன எனக் கொண்டது. அந்நிலத்திற் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த குடியானவனிடம் உறுதி இருக்கவில்லை. வழக்கம் மாத்திரமே இருந்தது. வழக்கத்தை உறுதி வென்றது. பதிப்புரிமையும் காப்புரிமையும் அறிவின்மீது விரிந்து செல்வதனை சட்ட அறிஞர் ஜேம்ஸ் பொயில் 2003இல் 'இரண்டாம் வேலியடைப்பு இயக்கம்' என அழைத்தபோது, இங்கிலாந்தின் அவ்வரலாற்றையே நினைவூட்டினார்.

இவ்விரண்டாம் வேலியடைப்புக்கு எதிரான விடை உரிமத்தின் வடிவில் வந்தது. றிச்சட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டம், 1989இல் வெளியான அதன் பொது உரிமம், 2001இல் நிறுவப்பட்ட கிரியேற்றிவ் கொமன்ஸ் அமைப்பு ஆகியன, ஆக்கியோனின் உரிமையையே கருவியாகக் கொண்டு, ஆக்கத்தைப் பிறர் படியெடுக்கவும் பகிரவும், பெரும்பாலும் திருத்தவும் வழிசெய்தன. இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் இவ்வுரிமங்கள் ஆக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. வாசகனைப் பற்றிப் பேசுவதில்லை. நூல் விடுதலை பெற்றது. அந்நூலைத் திறந்தவன் எவன், எந்நேரத்தில், எவ்விடத்திலிருந்து திறந்தான், அடுத்து எதனைத் தேடினான் என்னும் செய்திகள் எவருக்குரியன என்பது பேசப்படாது போயிற்று.

ஆய்வுலகிலும் இவ்விடைவெளியைக் காணலாம். யோச்சாய் பெங்க்லர் 2006இல் வெளியிட்ட 'வலையமைப்புகளின் செல்வம்' என்னும் நூல், கூலியின்றிக் கூடி உற்பத்தி செய்வோரின் ஆற்றலை நம்பிக்கையுடன் விளக்கியது. ஷொஷானா சுபோவ் 2019இல் வெளியிட்ட 'கண்காணிப்பு முதலாளித்துவ யுகம்', மனித நடத்தையே மூலப்பொருளாக அள்ளப்படுவதனை விளக்கியது. முன்னவர் ஆக்கத்தைச் சுற்றிய வேலியைக் கண்டார். பின்னவர் மனிதனைச் சுற்றிய வேலியைக் கண்டார். இரண்டும் ஒரே நிலத்தில் எழும் வேலிகள் என்பதை இருவரையும் சேர்த்துப் படிக்கும்போதே நாம் உணர்கின்றோம்.

இவ்விரு நோக்குகளையும் இணைக்கும் பாலம் எண்ணிம உலகுக்கு வெளியே கிடைக்கின்றது. பொதுமேய்ச்சல் நிலம் தனிமனிதரின் தன்னலத்தால் அழிந்தே தீரும் என 1968இல் கரெற் ஹார்டின் வாதிட்டார். எலினோர் ஒஸ்ட்ரம், நெடுங்காலம் நிலைத்த பொதுவளங்கள் பலவற்றை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட நூலில் அம்முடிவை மறுத்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். நிலைக்காது போனவற்றுக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் நமது தென்கரையிலுள்ள மாவெல்லைக் கரைவலை மீன்பிடியும் ஒன்றாகும். வலைகளின் தொகைக்கு வரம்பிடும் விதி இருந்தும், வெளியதிகாரத் தலையீட்டினால் அது நடைமுறைப்படாது போக, வலைகள் பெருகின. ஒவ்வொருவரது பங்கும் சுருங்கியது. நிலைத்த பொதுவளங்களில் அவர் கண்ட நெறிகளுள் ஒன்று நமக்கு இன்றியமையாதது. கண்காணிப்பின்றிப் பொதுவளம் நிலைக்காது. ஆயின் கண்காணிப்போர் பயனாளரே ஆதல் வேண்டும், அன்றேல் பயனாளருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டோர் ஆதல் வேண்டும்.

எனவே, கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்பது பிழையான வினா. பார்க்கும் கண் எவருடையது? அது செயலைப் பார்க்கின்றதா, ஆளைப் பார்க்கின்றதா? அக்கண்ணைப் பார்ப்பதற்கு வேறொரு கண் உண்டா? இவையே சரியான வினாக்களாம்.

2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி தொடங்கிய விக்கிப்பீடியாவை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அங்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. எச்சொல் எந்நேரத்தில் எக்கணக்கினால் மாற்றப்பட்டது என்பதனை எவரும் காணலாம். பிழையெனக் கண்டால் முந்திய வடிவத்துக்கு மீட்கலாம். அதேவேளை, எழுதுவோர் தமது இயற்பெயரைத் தரவேண்டியதில்லை. செயல் வெளிச்சத்தில் இருக்கின்றது. ஆள் நிழலில் இருக்க இடமுண்டு. திரள் கண்காணிப்பு இதன் நேர்மாறாகும். அங்கு ஆள் வெளிச்சத்தில் நிறுத்தப்படுகின்றான். கண்காணிப்பவரின் செயல் இருளில் நிகழ்கின்றது.

பிரான்சில் 2013 ஏப்ரலில் வெளிவந்த ஒரு செய்தி இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றது. பியேர்-சுர்-ஓத் என்னுமிடத்து இராணுவ வானொலி நிலையம் பற்றிய கட்டுரையை நீக்குமாறு அந்நாட்டு உள்நாட்டு உளவுத்துறை கோரியது. கோரிக்கை ஏற்கப்படாமையால், தொண்டராகப் பணிபுரிந்த நிர்வாகி ஒருவரை அழைத்து, வழக்கின் அச்சத்தைக் காட்டி, அவர் கையாலேயே அதனை நீக்குவித்தது. பிரான்சுக்கு வெளியேயிருந்த மற்றொரு தொண்டர் கட்டுரையை மீட்டார். எவரும் அறியாதிருந்த அப்பக்கம் பெருந்தொகையானோரால் வாசிக்கப்பட்டது. செயல் வெளிப்படையாக இருந்தமையால் கட்டுரையை மீட்க முடிந்தது. ஆள் அடையாளம் காணத்தக்கவராய் இருந்தமையால் அவரை அச்சுறுத்த முடிந்தது. பொதுவளத்தின் வலிமையும் வலுவின்மையும் ஒரே நிகழ்ச்சியில் அருகருகே நின்றன.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் எட்வேட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை இணையப் போக்குவரத்தைத் திரளாகக் கைப்பற்றி வந்தமையைக் காட்டின. முகமையின் விளக்கப்படம் ஒன்றில் விக்கிப்பீடியாவின் சின்னமும் இருந்தது. ஜொனதன் பெனி 2016இல் வெளியிட்ட ஆய்வு, பயங்கரவாதத்துடன் தொடர்புடைய 48 விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் வாசிப்பு அவ்வெளிப்பாட்டின் பின்னர் குறிப்பிடத்தக்க அளவு வீழ்ச்சியடைந்ததாகக் கண்டது. எவரும் அக்கட்டுரைகளைத் தடைசெய்யவில்லை. வாசகர் தாமாகவே விலகினர். வேலி நிலத்தில் அன்றி மனத்தில் எழுந்தது. விக்கிமீடியா அறக்கட்டளை 2015 மார்ச்சில் முகமைக்கு எதிராகத் தொடுத்த வழக்கு, அரச இரகசியம் என்னும் சுவரில் மோதி நின்றது. 2023இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அதனை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. ஆயின் 2015 ஜூனிலேயே விக்கிப்பீடியா தனது பக்கங்கள் அனைத்தையும் மறைகுறியாக்கத்தின் வழியே வழங்குவதாக அறிவித்தது. வாசகன் எக்கட்டுரையைத் திறக்கின்றான் என்பது இடைநின்று பார்ப்போருக்குத் தெரியாது போயிற்று. இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. சில பக்கங்களை வெறுத்த துருக்கி அரசு, அவற்றை மாத்திரம் மறிக்க இயலாமையால், 2017 ஏப்ரல் முதல் 2020 ஜனவரி வரை விக்கிப்பீடியா முழுவதையும் மறித்தது. ஆயினும் ஒரு பக்கத்தை ஓசையின்றி மறைப்பதைவிட, உலகறிய முழுவதையும் மறிப்பது ஓர் அரசுக்குக் கடினமானதே.

மறைக்க ஏதும் இல்லாதவன் ஏன் அஞ்சவேண்டும் என்பர் சிலர். வாசிப்பவன் குற்றவாளி அல்லன். இன்னும் முடிவுக்கு வராதவன். ஒரு கொள்கையை மறுப்பதற்காகவும் அதனைப் படிக்கின்றோம். படித்தவற்றின் பட்டியலை மாத்திரம் கையில் வைத்திருப்பவர் இவ்வேறுபாட்டை அறியார். முகமற்றோர் பொதுவளத்தைக் கெடுப்பர் என்னும் வாதம் இதனினும் வலுவானது. அதற்கு விடை, முகத்தைக் கேட்பதன்று. செயலை எவரும் பார்க்கவும் திருத்தவும் இடமளிப்பதாகும்.

இவ்வளவுகோலால் விக்கிப்பீடியாவையும் அளத்தல் வேண்டும். கணக்கின்றித் திருத்தியோரின் இணைய முகவரிகளை அது பல்லாண்டு காலம் எவரும் காண வெளியிட்டு வந்தது. தற்காலிகக் கணக்குகளால் அவற்றை மறைக்கும் ஏற்பாடு 2024இலேயே தொடங்கியது. ஆக்கத்தின் பக்கத்திலும் புதிய நெருக்கடி எழுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக்காகத் தரவு அள்ளும் தானியங்கிகளால், 2024 ஜனவரி முதல் தனது பல்லூடகத் தரவிறக்கத்தின் அளவு 50 வீதம் கூடியதாக அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தெரிவித்தது. எடுப்போர் பெருகிப் பேணுவோர் பெருகாமை மாவெல்லையின் கதையே. எவருக்கும் திறந்தது என்பது எவ்வொழுங்கும் அற்றது எனப் பொருள்படாது.

இவ்வினா நமக்குப் புறத்தே உள்ளதன்று. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தது. ஒரே பிரதி ஓரிடத்தில் இருப்பின் ஒரு தீக்குச்சி போதும் என்பதனை நாம் அறிவோம். 2005இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் திட்டம், பிரதிகளைப் பெருக்குவதே காப்பு என்னும் அப்பாடத்தைச் செயலாக்கியது. அதன் பக்கங்களின்றி இன்று நம்மிற் பலர் ஓர் ஆய்வுக்கட்டுரையும் எழுதவியலாது. ஆனால் பழைய நூலகத்தில் மேசையருகே நின்று ஒரு நூலைப் புரட்டியவன் எச்சுவட்டையும் விட்டுச் செல்லவில்லை. எண்ணிம நூலகத்திலோ ஒவ்வொரு புரட்டலும் எங்கோ ஒரு பதிவேட்டில் விழக்கூடும். தீ நூலைத் தேடி வந்தது. பதிவேடு வாசகனைத் தேடி வரலாம்.

இதில் நூலகரின் மரபு நமக்கு வழிகாட்டும். 2005இல் அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்து நூலகர் நால்வர், வாசகர் ஒருவரது கணினிப் பயன்பாடு குறித்த விபரங்களைக் கேட்ட புலனாய்வுப் பணியகத்தின் கடிதத்தையும், அதுபற்றிப் பேசலாகாது என்னும் கட்டளையையும் நீதிமன்றில் எதிர்த்தனர். 2006இல் அரசு பின்வாங்கியது. நம்மிடையே எண்ணிம ஆவணகம் அமைப்போரும், பல்கலைக்கழக நூலகங்களை இணையத்தில் ஏற்றுவோரும் தமது திட்டத்தில் உரிமத்தை எழுதும் அதே பக்கத்தில் மூன்று விதிகளைச் சேர்த்தெழுதுதல் வேண்டும். வாசிக்கப் பெயர் கேட்பதில்லை. தேவைக்கு மேல் வாசிப்பின் பதிவை வைத்திருப்பதில்லை. பேணுவோர் செய்வன யாவும் பயனாளர் காணத் திறந்திருக்கும். வைத்திராத பதிவேட்டை எவரும் பறிக்க முடியாது. நூல் எல்லோருக்கும் உரியது; வாசிப்பு வாசகனுக்கே உரியது. இவ்விரண்டாவது உரிமையைக் காவாத பொதுவளம், வேலியை அகற்றிவிட்டு வாயிலில் ஒற்றனை நிறுத்திய நிலமாகவே முடியும்.