சோவாஸ் மீது விழும் பழி

கீழ்முதுகு விறைப்போடு சிகிச்சைக்குப் போகிறவருக்கு இன்று எளிதில் கிடைக்கும் விளக்கம் இது: உட்கார்ந்தே இருந்ததில் தொடையை மடக்கும் தசைகள் குறுகிவிட்டன; அவை இடுப்பெலும்பை முன்னே சாய்க்கின்றன; வயிறு தளர்ந்து முதுகு இறுகுகிறது. செக் மருத்துவர் விளாடிமிர் யாண்டாவின் கோட்பாட்டிலிருந்து வந்தது இது. வலிக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல் இடுப்பு, வயிறு, முதுகு மூன்றையும் சேர்த்துப் பார்க்கவைத்தது அவருடைய பெரிய கொடை.

உடற்கூறும் அவர் பக்கம் நிற்கிறது. தொடையை மடக்கும் தசைகளில் ஒன்றான சோவாஸ் கீழ்முதுகெலும்புகளிலும் அவற்றின் இடைவட்டுகளிலும் தொடங்கித் தொடையெலும்பில் முடிகிறது. அது இழுத்தால் முதுகும் இழுபடும். பள்ளி மைதானத்து சிட்-அப்பைப் பாருங்கள். பாதத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, தோள் தரையைவிட்டு எழும் முதல் கட்டத்தில்தான் வயிற்றுத் தசை உடலைச் சுருட்டுகிறது. மீதித் தூரம் பெரும்பாலும் சோவாஸ் உள்ளிட்ட இடுப்புத் தசைகளின் உழைப்பு. எண்ணிக்கை கூடும், வயிற்றின் பலம் அதே அளவு கூடாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் கணக்கிட்டபடி, ஒரு சிட்-அப் முதுகெலும்பில் ஏற்றும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன். முழங்காலை மடக்கிக்கொண்டாலும் அது அதிகம் குறைவதில்லை.

கோட்பாடு தடுமாறுவது, இடுப்பெலும்பின் சாய்வை வயிற்றின் தளர்ச்சியோடு இணைக்கும் அடுத்த படியில். 1987-இல் வாக்கரும் சக ஆய்வாளர்களும் 31 பேரின் கீழ்முதுகு வளைவையும் இடுப்பெலும்புச் சாய்வையும் வயிற்றுத் தசைத் திறனையும் அளந்தார்கள். வயிற்றின் திறனுக்கும் மற்ற இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும், ஒருவர் நிற்கும் கோலத்தை வைத்தே ‘உங்கள் வயிறு பலவீனம்’ என்று தீர்ப்புச் சொல்வதை என்னால் இனி ஏற்க முடியாது.

தொடையை மடக்கும் தசைகளுக்கென்று எல்லாருக்கும் ஒரே நீட்டல் பயிற்சி என்பது அதைவிடக் கவலை தருகிறது. ஒரு முழங்காலை ஊன்றி முன்னே சரியும்போது பலர் முதுகைப் பின்னே வளைத்துவிடுகிறார்கள். நீள வேண்டிய தசை அப்படியே இருக்க, ஏற்கெனவே விறைத்த முதுகுதான் மேலும் நெருக்கப்படுகிறது. புட்டத்தை இறுக்கி இடுப்பெலும்பை உள்ளே மடக்கிய பிறகே சரிய வேண்டும்.

அதற்கும் முன்னால் தாமஸ் பரிசோதனை செய்தாக வேண்டும். மேசை விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்தால், மறு தொடை மேசையிலிருந்து எழும்புகிறதா என்று பார்ப்பது அது. எழும்பினால் நீட்டலாம். படிந்தே கிடந்தால் நீட்டக் காரணமில்லை. அந்த நேரத்தைப் பிளாங்க்குக்கும் புட்டத் தசைப் பயிற்சிக்கும் கொடுக்கலாம்.