சுமை இறங்கிய இடம்

ஒருவர் தம் முன்னோர் சமயத்தை விட்டு வேறொன்றைத் தழுவும்போது, அதன் காரணத்தை அவரிடமே கேட்டறிவோர் சிலர்; தாமே காரணம் கற்பித்துக்கொள்வோர் பலர். உலகில் இத்தனை சமயங்கள் இருக்க, ஒரு தமிழர் கிறிஸ்தவத்தை ஏன் தேர்ந்தார் என்னும் வினாவுக்கு நம் நாட்டில் வழங்கும் விடைகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. அரிசிக்காகச் சேர்ந்தார், துரைமாரின் தயவுக்காகச் சேர்ந்தார், உத்தியோகத்துக்காகச் சேர்ந்தார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. முஸ்லிம்களாகிய நாமும் சில வேளைகளில் இப்பேச்சுக்குத் தலையசைத்திருக்கிறோம். அது நியாயமா என்பதைப் பார்க்க ஒரு நூலாசிரியரையும் அவருடைய நூல்களையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். அவர் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827–1900).

இவ்வினாவைக் கரிசல் சீமையிலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. விளாத்திகுளத்தை அடுத்த குளத்தூரைச் சொல்கிறோம். (குளத்தூர் என்றதும் இலக்கிய அன்பர்களுக்கு வேதநாயகம் பிள்ளை பிறந்த ஊர் நினைவுக்கு வரும். அது திருச்சிராப்பள்ளிச் சீமையிலுள்ள வேறு குளத்தூர். கத்தோலிக்கராகவே பிறந்த அப்பெரியாருக்குத் தேர்ந்தெடுக்கும் வேதனை நேரவில்லை. ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடும் மனம் அவருக்கு வாய்த்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ!) பருத்தியும் மிளகாயும் கம்பும் விளையும் நம் குளத்தூர் வட்டாரத்திலிருந்து மேற்கே சென்றால் எட்டயபுரம். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அங்கே அடங்கியிருக்கிறார். இன்னும் மேற்கே கோவில்பட்டியைச் சார்ந்து காமநாயக்கன்பட்டி. இத்தாலியிலிருந்து 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் தொடக்கக் காலத்தில் தொண்டாற்றிய ஊர்களுள் அது ஒன்று. அதற்கும் அப்பால் கழுகுமலை. தெற்கே தாமிரபரணிக் கரையில் கிருஷ்ணப் பிள்ளையின் கரையிருப்பு. ஒருநாள் வண்டிப் பயணத்தில் சுற்றிவிடக்கூடிய இந்நிலத்தில் மூன்று சமயங்களின் காப்பியத் தமிழ் அருகருகே வாழ்ந்திருக்கிறது.

கிருஷ்ணப் பிள்ளை வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். மகனும் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்று, 1853-இல் சாயர்புரத்திலிருந்த கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். அங்கே சென்றபோது அவர் நெற்றியில் திருமண் இருந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1858-இல், சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயரையும் ஏற்றார். அவர் பசியால் வாடியவர் அல்லர். இழிவு செய்யப்பட்ட குலத்தவரும் அல்லர். உறவும் ஊர் மதிப்பும் இழந்து அவர் அடைந்த இடம், உலகக் கணக்கில் ஏற்றம் என்று சொல்லத்தக்கதன்று. எனவே அரிசிக் கதை இங்கே செல்லாது.

அப்படியானால் எல்லாச் சமயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தாரோ? அவரே எழுதிய ‘இரட்சணிய சமய நிர்ணயம்’ என்னும் உரைநடை நூல் அப்படித்தான் எண்ணச் செய்கிறது. மீட்பளிக்கும் சமயம் எது என்று துணிவதே அதன் நோக்கம் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1898. அவர் ஞானஸ்நானம் பெற்று நாற்பதாண்டுகள் ஆகிவிட்டன. நிர்ணயம் செய்தபின் சேர்ந்தவர் அல்லர் அவர். சேர்ந்து ஒரு வாழ்நாள் வாழ்ந்தபின் நிர்ணயம் எழுதியவர். வழக்காடுபவரே நீதிபதியாகவும் அமர்ந்து எழுதும் நூல்கள் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. நம்மவர் எழுதிய கண்டன நூல்களும் இவ்வகையே. இவற்றுக்கு ஒரு பொது விதி இருப்பதாகத் தெரிகிறது. வீரமாமுனிவர் லுத்தர் சபையாரை மறுத்து எழுதிய வாத நூல்களை இன்று ஆய்வாளர் தவிர எவரும் புரட்டுவதில்லை, தேம்பாவணியோ நிலைத்துவிட்டது. கிருஷ்ணப் பிள்ளையின் நிர்ணயத்துக்கும் இதே கதிதான். அதனால் அவர் மாறிய காரணத்தை அதில் தேடுவது பயன் தராது என்பது நம் கருத்து. தேட வேண்டிய இடம் ‘இரட்சணிய யாத்திரிகம்’.

1894-இல் நூலாக வெளிவந்த இக்காப்பியம் 3,766 பாடல்களும் ஐந்து பருவங்களும் கொண்டது. ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையே இதற்கு மூலம். முதுகில் பாவச் சுமையுடன் ஒருவன் நாச நகரத்தை விட்டு ஓடுகிறான். சிலுவையின் அடியில் சுமை கழன்று விழுகிறது. பின்னும் நெடுவழி நடந்து உச்சித நகரை அடைகிறான். பனியன் தையற்காரன் ஊசி போல் விரைந்து செல்லும் உரைநடைக்காரர். கிருஷ்ணப் பிள்ளை அப்படிச் செல்லவில்லை. குமார பருவத்தில் கதையை நிறுத்திவிட்டு, ‘இரட்சணிய சரிதப் படலம்’ என்று ஈசா நபி (அலை) அவர்கள் மீது சுமத்தப்பட்ட வழக்கையும் வதையையும், கிறிஸ்தவர் நம்புகிறபடி, விரிவாகப் பாடுகிறார். பனியன் கதையில் இவ்விரிவு கிடையாது. மூலத்தை மீறி ஒரு மொழிபெயர்ப்பாளர் எங்கே நின்றுவிடுகிறாரோ அங்கேதான் அவருடைய நெஞ்சு இருக்கிறது. குற்றமற்றவர் ஒருவர் ஏச்சையும் அடியையும் எதிர்பேசாது ஏற்று, அடிப்போர்க்காகவே இறைஞ்சும் காட்சி கிருஷ்ணப் பிள்ளையை ஆட்கொண்டுவிட்டது. அவர் எந்தச் சமயத்தையும் தராசில் இட்டு நிறுக்கவில்லை.

அந்த ஆட்கொள்ளலுக்கு வேண்டிய மொழியை அவர் எங்கிருந்து பெற்றார்? ஆழ்வார்களிடமிருந்தும் கம்பரிடமிருந்தும்தான். தன் முயற்சி ஒன்றுமில்லை, நின் அருளே கதி என்று விழும் சரணாகதி அவர் பிறந்த வீட்டிலேயே கற்றது. காப்பியத்தின் இடையிடையே வரும் வழிபாட்டுப் பதிகங்களுக்கு அவர் இட்ட பெயர் ‘தேவாரம்’. வைணவராய்ப் பிறந்து, கிறிஸ்தவராய் வாழ்ந்து, சைவப் பெயரை எடுத்தாண்ட இச்செயலில் அவருடைய உள்ளம் நன்கு தெரிகிறது. பழையதை உதறிவிட்டு அவர் ஓடவில்லை. பழைய பாத்திரத்தில் நிறைவுறாமல் இருந்த ஒன்று நிறைந்ததாக உணர்ந்தார். அவரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்பது புகழுரை மட்டுமன்று, நோய் நாடிச் சொன்ன சொல்லும் ஆகும். கம்பரின் நிழல் சில இடங்களில் அவரை மூடியே விடுகிறது. வருணனைகள் நீள்கின்றன, உருவகப் பெயர்கள் வடசொற்களின் பாரத்தால் தள்ளாடுகின்றன. சீறாவில் அரபு நாட்டுக்குத் தமிழ் நாட்டின் நீர்வளத்தை வழங்கிய உமறுவிடமும் கம்பர் நிழல் உண்டெனினும், உமறு அதில் இளைப்பாறிவிட்டு நடந்துவிடுகிறார்.

உமறுவைச் சொன்னதும் ஒன்று நினைவு வருகிறது. சீறாவின் நுபுவ்வத்துக் காண்டத்தில் உமறு கத்தாப் (ரலி) ஈமான் கொண்ட படலம் இருக்கிறது. வாளோடு புறப்பட்டவர் தம் சகோதரியின் வீட்டில் திருமறை ஓதக் கேட்டார், மனம் உருகினார், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று கலிமா மொழிந்தார். அவரும் சமயங்களை ஒப்பிட்டு அட்டவணை இட்டவர் அல்லர். அந்த ஓசைக்கு முன் அவர் நின்றார். இதை உவந்து படிக்கும் நாம், கிருஷ்ணப் பிள்ளை ஒரு காட்சிக்கு முன் நின்றதை மட்டும் ஐயுறுவது முறையாகாது.

ஆனால் முறை வேறு, உடன்பாடு வேறு. அவர் நின்ற இடத்தில் நாம் நிற்க இயலாது. மரியம் (அலை) அவர்களின் திருமகனைத் தூதர் என்றும் மஸீஹ் என்றும் போற்றும் திருமறை, அவர் சிலுவையில் மாண்டார் என்பதை மறுக்கிறது. அதைவிட ஆழமான வேறுபாடு சுமையைப் பற்றியது. ஓர் ஆன்மாவின் பாரத்தை மற்றோர் ஆன்மா ஏற்பதில்லை என்பது திருமறை பல இடங்களில் வற்புறுத்தும் செய்தி. நம் கரிசல் காட்டுப் பாதைகளில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். தலைச்சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்கிக்கொண்டு நடப்பதற்கானவை அவை. கிருஷ்ணப் பிள்ளை தேடியது அத்தகைய கல்லையன்று. சுமையையே தன் தலைக்கு மாற்றிக்கொள்ளும் ஒருவரை. நமக்கோ சுமையை மன்னித்து நீக்க ரஹ்மானாகிய இறைவன் ஒருவனே போதுமானவன். இடையில் ஈடு செலுத்துவோர் வேண்டியதில்லை. கிறிஸ்தவத்தைத் தேர்வோர்க்கும் தேராதோர்க்கும் உள்ள உண்மையான பிரிவு இவ்விடமே. ஏனைய வாதங்கள் இதன் கிளைகள்.

இவ்வளவும் படித்தவரைப் பற்றிய பேச்சு. படிக்காதவர்களின் தேர்வை எப்படி மதிப்பது? 1876–78 பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரவர் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தனர். கழுகுமலையில் தேர் ஓடும் வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமை மறுக்கப்பட்ட நாடார்களுள் பலர் கத்தோலிக்கராயினர். அவ்வீதியிலேயே கோயிலும் எழுப்பினர். 1895-இல் தேரோட்டத்தின்போது கலகம் மூண்டு உயிர்கள் பலியாயின. அவர்கள் தேர்ந்தது ஒரு வேதத்தையா, ஒரு தெருவையா என்று நகைப்போர் உளர். தெருவில் நடக்க முடியாதவனுக்கு அவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றுமா என்பதை நகைப்போர் எண்ணுவதில்லை. அதே பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரியில், ஏறத்தாழ 180 குடும்பத்தினர் இஸ்லாத்தைத் தழுவியபோது வளைகுடாப் பணம் என்ற கூச்சல் எழுந்ததே, அது நம் காதில் எப்படி ஒலித்தது? அரிசிக் கிறிஸ்தவர் என்னும் சொல்லும் அவர்கள் காதில் அப்படியே ஒலித்திருக்கும். தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வகுத்த 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி, கிறிஸ்தவத்தையோ இஸ்லாத்தையோ தழுவியவர் அப்பட்டியலின் சலுகைகளை இழக்கிறார் என்பதையும் ஆதாயக் கணக்குப் போடுவோர் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தழுவிய இடத்தில் அவர்கள் நாடிய சமத்துவம் கிடைத்ததா என்பது வேறு விஷயம். வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய தடுப்பை இடிக்க 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பள்ளிவாசல் வரிசையில் அத்தகைய சுவர் கிடையாது. பெண் கொடுத்து எடுப்பதில் உண்டா என்பதை அவரவர் ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

யாத்திரிகத்துக்குத் திரும்புவோம். சுமை விழுந்ததோடு நூல் முடிந்துவிடவில்லை. பெரும்பகுதி அதன் பிறகே வருகிறது. மலையேற்றமும் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கும் மாயக் கடைவீதியும் ஐயத்தின் சிறையும் சுமை இறங்கியவனையே எதிர்கொள்கின்றன. நேர்வழியைக் காட்டுமாறு நாள்தோறும் தொழுகையில் வேண்டும் வாசகர், இரட்சணிய சரிதப் படலத்தில் கிருஷ்ணப் பிள்ளையோடு உடன்படாமல் நின்றாலும், அதற்குப் பிந்திய பருவங்களில் அவரோடு நெடுந்தொலைவு நடக்கலாம். பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை.